பிரெஞ்சு வினைச்சொற்களும் ஊமை எழுத்துகளும் - ஒரு வரலாற்றுப் பார்வை

திருத்தணி என்ற ஊர்ப் பெயருக்குள் ஒரு வினைச்சொல் ஒளிந்திருக்கிறது. சூரனோடு செய்த போரின் சினமும், வள்ளியை மணக்க வேடரோடு செய்த போரின் சினமும் தணிந்து முருகன் அமர்ந்த மலை என்பதால் அது தணிகை ஆயிற்று என்பது தலபுராணக் கதை. 'தணி' என்பது வினையடி. அதன் முன் 'திரு' வந்து சேர்ந்ததும் நடுவில் ஒரு 'த்' தோன்றித் 'திருத்தணி' ஆகிறது. அந்த 'த்' வாயில் வந்ததால் எழுத்திலும் வந்தது. ஒலியாகப் பிரித்தால் தி-ருத்-த-ணி என நான்கு. யாப்பிலக்கண முறைப்படி அசை பிரித்தால் திருத்/தணி, அதாவது நிரை நிரை. எப்படிப் பிரித்தாலும் எழுதிய எழுத்து ஒவ்வொன்றும் ஒலிக்கிறது.

இந்த மலையில் இருந்து தெற்கே கடற்கரையில் உள்ள புதுச்சேரிக்குச் சென்றால் நிலைமை வேறு. அங்கே 1674 முதல் 1954 வரை, இடையிடையே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடித்து வைத்திருந்த ஆண்டுகள் தவிர, ஆட்சி செய்த மொழி பிரெஞ்சு. அதன் வினைச்சொற்களில் எழுதும் எழுத்தில் பாதி வாயில் வருவதே இல்லை. இந்த ஊமை எழுத்துகள் எங்கிருந்து வந்தன, ஏன் இன்னும் இருக்கின்றன என்பதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் படித்தால் தமிழைப் பற்றியும் ஓர் உண்மை தெரியவரும்.

ஆறு வடிவம், மூன்று ஒலி

'பேசு' என்பதற்குப் பிரெஞ்சில் 'பார்லே' என்று பெயர். நிகழ்காலத்தில் அது இப்படி ஒலிக்கும்:

நான் - ஜ பார்ல்
நீ - த்யு பார்ல்
அவன் - ஈல் பார்ல்
நாம் - நூ பார்லோன்
நீங்கள் - வூ பார்லே
அவர்கள் - ஈல் பார்ல்

எழுத்தில் இவை ஐந்து வெவ்வேறு வடிவங்கள். 'நான்', 'அவன்' இரண்டுக்கும் கடைசியில் ஈ என்ற எழுத்து. 'நீ' என்பதற்கு ஈ, எஸ். 'அவர்கள்' என்பதற்கு ஈ, என், டி. ஆனால் காதில் விழுவது நான்குக்கும் 'பார்ல்' ஒன்றுதான். 'அவன் பேசுகிறான்' என்பதையும் 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வேறுபாடே தெரியாது. 'பேச', 'நீங்கள் பேசுகிறீர்கள்', 'பேசிய' ஆகிய மூன்றையும் மூன்று விதமாக எழுதி, மூன்றையும் 'பார்லே' என்றே சொல்வார்கள்.

'நூ பார்லோன்' என்பதில் உள்ள கடைசி 'ன்' கூட முழு எழுத்தல்ல. நாக்கு மேலே படாது, மூக்கில் மட்டும் ஒலிக்கும். இது தமிழருக்குப் புதிதல்ல. 'அவன் வந்தான்' என்பதைப் பேச்சில் சொல்லும்போது கடைசி 'ன்' இதே போலத்தான் மூக்கோடு நின்றுவிடுகிறது.

லத்தீனில் இருந்து பிரெஞ்சு வரை

பிரெஞ்சின் தாய்மொழி லத்தீன். லத்தீனில் ஆறு இடங்களுக்கும் ஆறு தெளிவான ஈறுகள் இருந்தன. 'பாடு' என்ற வினையை எடுத்துக்கொண்டால் காந்தோ, காந்தாஸ், காந்தாத், காந்தாமுஸ், காந்தாதிஸ், காந்தாந்த் என்று வரும். பாடினேன், பாடினாய், பாடினான் என்று தமிழில் வருவது போலவே வினையின் ஈறே யார் என்பதைச் சொல்லிவிடும். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரோமப் பேரரசு சிதைந்த பிறகு மக்கள் பேச்சு லத்தீன் எழுத்தை விட்டு விலகியது. கி.பி. 813-இல் தூர் நகரில் கூடிய திருச்சபை மாநாடு, மக்களுக்குப் புரியும்படி நாட்டுப்புறப் பேச்சில் பிரசங்கம் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தது. 842-இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் இரு அரச சகோதரர்கள் செய்துகொண்ட உறுதிமொழிதான் பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்று. அதில் 'காப்பேன்' என்ற பொருளில் 'சல்வராய்' என்ற வினை வருகிறது. இது லத்தீனில் இருந்த எதிர்கால வடிவம் அல்ல. 'காக்க' என்ற சொல்லும் 'உடையேன்' என்ற பொருள் தரும் துணைவினையும் ஒட்டிப் பிறந்த புது வடிவம். இன்றும் பிரெஞ்சு எதிர்காலத்தின் ஈறுகள் அந்தத் துணைவினையின் நிகழ்கால ஈறுகளை ஒத்திருப்பதைக் காணலாம். தமிழில் 'வந்து விட்டேன்' என்ற இரு சொல் பேச்சில் 'வந்துட்டேன்' என்று ஒரே சொல்லாகி விட்டதே, அதே வகை மாற்றம்தான் இது.

இடைக்காலப் பிரெஞ்சில் ஈறுகள் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தன. பின்னர் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. முதலில் கடைசி மெய்கள் போயின. பிறகு கடைசியில் இருந்த மெல்லிய 'அ' போன்ற உயிரும், ஏறத்தாழ 17-ஆம் நூற்றாண்டுக்குள், நகரத்துப் பேச்சில் மறைந்தது. ஈறு போனதும் யார் செய்தார் என்று தெரியாமல் போயிற்று. அதனால்தான் பிரெஞ்சில் 'நான்', 'நீ', 'அவன்' என்பவற்றைக் கட்டாயம் முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று. அதே லத்தீனின் இன்னொரு மகளான இத்தாலிய மொழி ஈறுகளைக் காத்துக்கொண்டது. அங்கே 'நான்', 'நீ' இல்லாமலே பேசலாம்.

இதற்கு ஐரோப்பா வரை போகாமலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தமிழின் உடன்பிறப்பான மலையாளத்தில் வினையின் இட ஈறுகள் மறைந்துவிட்டன. ஞான் வந்நு, நீ வந்நு, அவர் வந்நு என்று எல்லாருக்கும் 'வந்நு' தான். யார் என்பதை எழுவாயோ சூழலோதான் காட்ட வேண்டும். தமிழும் இத்தாலியமும் ஒரு பக்கம், மலையாளமும் பிரெஞ்சும் மறுபக்கம் எனலாம். ஒரு வேறுபாடு, மலையாளம் போன ஈற்றை எழுதுவதில்லை. பிரெஞ்சு எழுதிக்கொண்டே இருக்கிறது.

சீர்திருத்தம் தோற்ற கதை

1539-இல் முதலாம் பிரான்சுவா மன்னர் வில்லேர்-கொத்ரே ஆணையின் மூலம் நீதிமன்ற ஆவணங்களைப் பிரெஞ்சில் எழுதச் செய்தார். எழுத்தர்கள் லத்தீன் படித்தவர்கள். ஒலிக்காத எழுத்து சொல்லின் பிறப்பைக் காட்டுகிறது என்று அதை விடாமல் வைத்துக்கொண்டார்கள். 1550-இல் லூயி மெகிரே என்பவர் பேசுவது போலவே எழுத வேண்டும் என்று வாதாடி, அந்த முறையிலேயே ஒரு பிரெஞ்சு இலக்கணத்தை அச்சிட்டார். அது எடுபடவில்லை. 1635-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு அகாதெமி 1694-இல் வெளியிட்ட அகராதியில் பழைய எழுத்துமுறையையே நிலைநிறுத்தியது.

இதனோடு ஒப்பிட வேண்டிய நிகழ்ச்சி தமிழ்நாட்டில் உண்டு. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதியதால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் குழம்பின. இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவர் (1680-1747) இவற்றின் வடிவத்தை வேறுபடுத்திக் காட்டினார். அந்த மாற்றம் நிலைத்துவிட்டது. வாயில் இரண்டாக இருந்ததை எழுத்திலும் இரண்டாக்கிய மாற்றம் அது. மெகிரே கேட்டதோ, கண்ணுக்குப் பழகிப்போன எழுத்தையெல்லாம் நீக்கும் மாற்றம். படித்தவர்கள் அதற்கு இணங்கவில்லை.

புதுச்சேரியில் காதும் கண்ணும்

இந்த இரண்டு எழுத்து மரபுகளும் ஒரே மேசையில் சந்தித்த இடம் புதுச்சேரி. ஆளுநர் தியூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் முதல் நாட்குறிப்பு எழுதினார். 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்கள் முன், அவர் காலமானார். ஏறத்தாழ கால் நூற்றாண்டுச் செய்திகள் அதில் தமிழில் பதிவாகியுள்ளன. பிரெஞ்சுப் பெயர்களும் பதவிகளும் தமிழ் எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதப்பட்டன. பிரெஞ்சில் எட்டு எழுத்திட்டு எழுதும் மரியாதைச் சொல்லான 'மெஸ்யே' புதுச்சேரித் தமிழில் 'முசே' என்று இரண்டு எழுத்தில் அடங்கியது. கடைசியில் உள்ள ஊமை ஆர் தமிழுக்கு வரவில்லை, ஏனென்றால் அது யார் வாயிலும் இல்லை.

அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஆவணங்களைப் படிப்பவருக்கு இன்னொரு இடறல் உண்டு. 'வைத்திருந்தான்' என்பதை அன்று சொன்னது 'அவெ' என்று. எழுதியதோ 'அவொய்த்' என்று படிக்கத்தக்க எழுத்துகளில். ஓ, ஐ என்ற எழுத்துகள் பழைய ஒலிப்பின் மிச்சம். இதை மாற்றி ஏ, ஐ என்று எழுத வேண்டும் என்று வோல்த்தேர் வலியுறுத்தினார். அகாதெமி அதை ஏற்றுக்கொண்டது 1835-ஆம் ஆண்டு அகராதிப் பதிப்பில்தான். ஆக, ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியில் கேட்ட ஒலிக்கு ஏற்ற எழுத்து பிரெஞ்சுக்குக் கிடைக்க இன்னும் எழுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

பின்னாளில் இரு மொழிக்கும் பாலம் அமைக்கும் நூல்கள் புதுச்சேரியிலேயே அச்சாயின. மிஷன் அச்சகம் வெளியிட்ட தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855-இலும் 1862-இலும் இரு தொகுதிகளாக வந்தது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான துய்ப்புயி பாதிரியார் 1863-இல் பிரெஞ்சு-தமிழ் இலக்கணமும் வெளியிட்டார். காரைக்காலில் வளர்ந்த ஜூலியன் வென்சோன் பாரிஸில் தமிழ் கற்பித்து, உ.வே. சாமிநாதையரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார்.

அசை பிரிப்பும் புணர்ச்சியும்

பிரெஞ்சு ஒலிப்பின் அடிப்படை விதி எளிது. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னால் உள்ள உயிரோடு சேரும். இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் ஆளுக்கொன்றாகப் பிரியும். பார்-லே என்பது அப்படி. இரண்டாவது மெய் 'ர்' அல்லது 'ல்' ஆனால் பெரும்பாலும் பிரியாது. 'திற' என்ற வினை ஊ-வ்ரீர் என்றே பிரியும்.

இந்த விதி சொல்லின் எல்லையோடு நிற்பதில்லை. 'அவன் நேசிக்கிறான்' என்பதற்கு ஈல் + எம். சொல்லும்போது அது ஈ-லெம் ஆகிவிடும். மெய்யில் முடியும் சொல்லின் பின் உயிர் வந்தால் இரண்டும் ஒன்றிவிடும் என்பது தமிழ் மாணவர்கள் நன்னூலில் படித்த விதிதான். ஊர் + இல் 'ஊரில்' ஆவது போல என்று நினைத்துக்கொண்டால் போதும்.

இங்கேதான் ஊமை எழுத்துக்கு உயிர் வருகிறது. 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பதில் 'ஈல்' என்பதன் பின் பன்மையைக் காட்டும் எஸ் என்ற ஊமை எழுத்து இருக்கிறது. அடுத்து உயிர் வந்ததும் அது விழித்துக்கொண்டு 'ஃஜ்' என்று ஒலிக்கும் (ஆங்கிலத்தில் வரிக்குதிரைக்குச் சொல்லும் ஃஜீப்ரா என்பதன் முதல் ஒலி). எனவே அது ஈல்-ஃஜெம் ஆகிறது. 'பார்ல்' என்பதில் மறைந்திருந்த ஒருமை பன்மை வேறுபாடு இங்கே ஒரே ஒரு மெய்யால் வெளிப்பட்டுவிடுகிறது.

தமிழ்க் காதுக்கு இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 'அவர்கள் வைத்திருக்கிறார்கள்' என்பது ஈல்-ஃஜோன். 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பது ஈல்-ஸோன். தமிழில் 'ஃஜ்' ஒலி இல்லாததால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும், ஒன்றாகவே வாயில் வரும். பொருளோ முற்றிலும் வேறு. பிரெஞ்சு கற்கத் தொடங்கும் தமிழ் மாணவர் முதலில் பழக வேண்டியது இந்த ஓர் ஒலியைத்தான்.

'நேசிக்கிறானா?' என்று கேட்கும்போது வினையை முன்னால் போட்டு எம்-தீல் என்பார்கள். நடுவில் உள்ள 'த்' வினையிலும் இல்லை, எழுவாயிலும் இல்லை. லத்தீனில் 'அவன்' என்பதற்கு உரிய ஈறாக இருந்த 'த்' இந்த வினையில் தேய்ந்து மறைந்திருந்தது. பிற வினைகளில் அது கேள்வியின்போது ஒலித்ததைப் பார்த்து, பேச்சுவழக்கு இதிலும் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பின்னர் எழுத்திலும் ஏறியது. இரண்டு உயிர் மோதாமல் தமிழில் யகரமும் வகரமும் உடம்படுமெய்யாக வருவதை இது நினைவூட்டும்.

அசை மாறினால் வினையின் உயிரும் மாறும். 'தூக்கு' என்ற வினை ல-வே. ஈறு மறைந்து ஒரே அசையானால் அது லெவ் என்று அழுத்தம் பெறும். எழுத்திலும் ஒரு கோட்டுக்குறி இடுவார்கள். 'விட்டுக்கொடு' என்ற வினை ஸே-தே. அதன் எதிர்காலத்தைப் பேச்சில் ஸெத்-ரே என்று திறந்த எகரத்தோடு சொல்வார்கள். ஆனால் எழுத்தில் மூடிய ஏகாரத்தின் குறியே இருந்தது. 1990 டிசம்பரில் பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தப் பரிந்துரைகள் இதைக் காதுக்கு ஏற்ப மாற்றி எழுத இடம் கொடுத்தன. பழைய முறையும் தவறாகக் கொள்ளப்படவில்லை.

சாட்சி சொல்லும் செய்யுள்

பழைய ஈறுகள் ஒருகாலத்தில் ஒலித்தன என்பது எப்படித் தெரியும்? ஒலிப்பதிவு இல்லாத காலத்துக்குச் செய்யுளே முக்கிய சாட்சி. பிரெஞ்சு மரபுச் செய்யுளில் அடிக்குப் பன்னிரண்டு அசை என்று ஒரு கணக்கு உண்டு. ராசீன் (1639-1699) நாடகங்கள் அந்த அளவில் அமைந்தவை. அந்தக் கணக்கில் 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பது ஈல்-பார்-ல என்று அடியின் நடுவில் மூன்று அசை பெறும். பேச்சில் அது இரண்டுதான். ஈ, என், டி என்ற ஊமை ஈறு செய்யுளில் ஓர் அசைக்கு உரிமை கொண்டாடுகிறது. 'நேசிப்பேன்' என்பது பேச்சில் எம்-ரே, செய்யுளில் எ-ம-ரே.

இசையிலும் இப்படித்தான். உலகெங்கும் குழந்தைகள் பாடும் 'ஃப்ரேர் ஜாக்' பாட்டின் பெயர் பேச்சில் இரண்டு அசை. பாடும்போது ஃப்ரே-ர ஜா-க என நான்கு. பிரான்சின் தெற்குப் பகுதியில், மார்செய், தூலூஸ் போன்ற ஊர்களில், அன்றாடப் பேச்சிலேயே இந்தக் கடைசி உயிர் கேட்பதுண்டு.

திருத்தணி மலைக்கு இது அந்நியமான செய்தி அல்ல. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் தணிகை முருகன் மேல் பல திருப்புகழ்ப் பாடல்கள் பாடியுள்ளார். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சந்தத்துக்குக் கட்டுப்பட்டது. குறில் நெடில் ஒன்று மாறினாலும் தாளம் இடறும். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த சுவடிகளைத் தேடித் திரட்டி வ.த. சுப்பிரமணிய பிள்ளை முதல் பகுதியை 1894-இல் அச்சிட்டார். சுவடியில் எழுத்துப் பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கக் கூடியது இந்தச் சந்தம்தான். அவருடைய மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை அந்தப் பணியைத் தொடர்ந்து உரையும் எழுதினார். செங்கல்வராயன் என்பது தணிகை முருகனின் பெயர்களுள் ஒன்று.

தமிழில் ஊமை எழுத்து இல்லையா?

எழுதுவதையே பேசுகிறோம் என்று தமிழர் பெருமை கொள்வது வழக்கம். அது பாதி உண்மை. 'வருகிறார்கள்' என்று எழுதுகிறார்கள். அது வ-ரு-கி-றார்-கள் என ஐந்து அசை. திருத்தணிக் கடைத்தெருவில் கேட்பது வர்-றாங்-க என மூன்று. 'போகிறேன்' என்று எழுதுவது வாயில் 'போறேன்' ஆகிறது. எழுத்தில் உள்ள 'கி' பேச்சில் இல்லை. தொல்காப்பியம் இந்த நிகழ்கால இடைநிலையைக் கூறவில்லை. நன்னூல் கிறு, கின்று, ஆநின்று என மூன்றைக் கூறுகிறது. இடையில் பிறந்து வளர்ந்த ஓர் உறுப்பு, இலக்கணத்தில் நிலைபெற்ற பின் பேச்சில் தேய்ந்துவிட்டது.

பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் உள்ள வேறுபாடு, பழைய ஒலியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுதான். பிரெஞ்சுக்காரர் புத்தகத்தை உரக்கப் படித்தாலும் ஊமை எழுத்தை ஒலிப்பதில்லை. தமிழர் படிக்கும்போது 'வருகிறார்கள்' என்று முழுமையாக ஒலித்துவிட்டு, புத்தகத்தை மூடியதும் 'வர்றாங்க' என்கிறார்கள். பிரெஞ்சில் பழைய ஈறு தாளில் உறங்குகிறது. தமிழில் அது மேடைக்கும் ஏட்டுக்கும் உரிய தனி நடையாக வாழ்கிறது. ஆகவே பிரெஞ்சு எழுத்தைப் பார்த்து இது என்ன வீண் வேலை என்று கேட்கும் தமிழ் மாணவர், தன் மொழியிலும் அதே வேலை வேறு வடிவில் நடப்பதை உணர்ந்தால் பாதிச் சுமை இறங்கும்.

முடிவாக

1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யாத வரை பிரெஞ்சும் ஆட்சிமொழியாக இருக்கும் என்றது. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே இன்றும் நடக்கிறது. அதே காலகட்டத்தில் வடக்கே இன்னொரு மொழிக் கேள்வி தீர்ந்தது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ. சிவஞானம் போன்றோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் திருத்தணியில் படித்திருவிழா நடக்கிறது. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள். படிக்குப் படி திருப்புகழ் பாடிக்கொண்டு பக்தர்கள் ஏறுகிறார்கள். அடிவாரத்துத் தேநீர்க் கடையில் 'வர்றேன்', 'போறேன்' என்று பேசியவர்கள்தான் மேலே ஏறும்போது யாரும் பேசாத பழைய வினைவடிவங்களை ஓர் அசை குறையாமல் பாடுகிறார்கள். பாரிஸ் நாடக மேடையில் ராசீனின் வசனம் சொல்லும் நடிகர், தெருவில் விட்டுவிட்ட ஈற்றை அங்கே ஒலிப்பதும் இதே காரணத்தால்தான். அந்த அசையை விட்டால் அடி குறைந்துவிடும்.